அம்மாவுக்கும் சித்திக்கும் நுரையீரல் புற்றுநோய், இருவரும் புகைத்ததே இல்லை. குடும்பத்தில் வருவதா?

மண்டபம்_கரை:
மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அம்மா ஆறு வருடத்துக்கு முன்னால் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார்கள். முதலில் டிபி என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமியே வராதபோதும். இப்போது அம்மாவின் தங்கைக்கு, 51 வயது, அதே நோய். இரண்டு பேரும் பீடி சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. சித்திக்கு மதுரையில் சதை எடுத்துப் பார்த்ததில் (பயாப்சி) அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகை, 'ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன், எக்ஸான் 19 டெலிஷன்' என்று ரிப்போர்ட். மியூட்டேஷன் என்றால் ஜீன் கோளாறு என்று யாரோ சொல்லப்போய், அது ஊர் முழுக்கப் பரவி, சித்தி மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் போனையே எடுப்பதில்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று இன்னொரு பேச்சு. எனக்கும் அக்காவுக்கும் வருமா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி77:
பீடி குடிக்காதவங்களுக்கு எப்படிங்க வரும். வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லேப்_தம்பி:
மேலே உள்ளவருக்கு: உலகம் முழுக்க நுரையீரல் புற்றுநோய் வருகிறவர்களில் பத்தில் ஒருவர், இரண்டு பேராவது புகைக்காதவர்கள்தான், அதில் பெண்கள் அதிகம். இறந்துபோன அம்மாவைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

அண்ணே, நான் பயாப்சி லேபில் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லை வளரச் சொல்லும் ஒரு ஜீன், எக்ஸான் 19 டெலிஷன் என்றால் அதில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் மியூட்டேஷன் சித்தி பிறக்கும்போது கொண்டுவந்தது இல்லை. நுரையீரலில் ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு உண்டானது, அந்தக் கட்டிக்குள் மட்டும்தான் இருக்கும், மகளுக்குப் போகாது. மாப்பிள்ளை வீட்டுக்கு இதை யாராவது நேரில் போய்ச் சொல்லுங்கள். உண்மையில் சித்திக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் மாதிரி மாத்திரைகள் இந்த மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும். 2004இல்தான் இந்தத் தொடர்பையே கண்டுபிடித்தார்கள்.

பிறவியிலேயே வருவதும் இருக்கிறது, ஆனால் அபூர்வம். ஈஜிஎஃப்ஆரிலேயே டி790எம் என்று ஒரு மாற்றம், வழக்கமாக மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்ச நாள் ஆனபின் கட்டியில் முளைப்பது. மருந்தே தொடங்காத முதல் பயாப்சியில், அதுவும் அந்த ஜீனின் பிரதிகளில் பாதிக்குப் பாதி அளவில் தெரிந்தால், பிறவியில் வந்ததோ என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்வார்கள். டிபி53 ஜீனில் பிறவிக் கோளாறு உள்ள குடும்பங்களிலும் வரலாம், ஆனால் அங்கே சின்ன வயதிலேயே மார்பு, எலும்பு, மூளை என்று பல இடங்களில் புற்றுநோய் இருக்கும். சித்தியின் ரிப்போர்ட்டில் டி790எம் என்று எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் சேர்ந்து வந்தால்தான் வருகிற நோய்களுக்குத்தான் அந்தக் கணக்கு. மேலே சொன்ன இரண்டுக்கும் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்.

சாயல்குடிக்காரி:
தம்பி, உங்கள் வீட்டில் எதில் சமைத்தார்கள்? எங்கள் பக்கம் சீமைக்கருவேல விறகுதான், போதாததற்குப் பக்கத்திலேயே கரிமூட்டம். என் மாமியாருக்கு வந்தபோதும் எல்லோரும் ஜாதகத்தைப் பார்த்தார்களே தவிர அடுப்படியைப் பார்க்கவில்லை. ஜன்னல் இல்லாத அடுப்படியில் நாற்பது வருடம். விறகுப் புகை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இலேயே சொல்லியிருக்கிறது. அப்புறம் உங்கள் அப்பா, சித்தப்பா பீடி குடிப்பார்களா?

மண்டபம்_கரை:
அக்கா, குடித்தார்கள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பினால் ஒரு கட்டு தீரும், வீட்டுக்குள்தான். சித்தி வீடும் அடுத்த வாசல், விறகடுப்புதான், கேஸ் வந்தே எட்டு வருடம் ஆகவில்லை. இதை யாரும் கேட்கவே இல்லை. சரி, டி790எம் என்று ரிப்போர்ட்டில் இல்லை. அப்படியானால் எனக்கும் அக்காவுக்கும் பயமே வேண்டாமா?

லேப்_தம்பி:
அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதற்குக் கொஞ்சம் மேலும் ஆகலாம். ஆனால் புகைக்காதவர்களுக்கு ஆரம்பத்திலேயே வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதைத்தான் ஒன்றரையால் பெருக்குகிறோம். அதிலும் ரத்தத்தால் வந்தது எவ்வளவு, ஒரே புகையில் வளர்ந்ததால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். தைவானில் 2022இலிருந்து, புகைக்காவிட்டாலும் குடும்பத்தில் இருந்தால் நடுத்தர வயதுக்கு மேல் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் அரசே எடுக்கிறது. அக்காவுக்கு 45 ஆகிவிட்டதென்றால் சித்தியைப் பார்க்கும் புற்றுநோய் டாக்டரிடமே கேட்கலாம். இருமல் மூன்று வாரம் தாண்டி, டிபி மாத்திரைக்கும் கேட்காமல், சளியில் கிருமியும் வராமல் இருந்தால் சிடி எடுக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

மண்டபம்_கரை:
அக்காவுக்கு 41தான். அம்மாவின் பயாப்சியை இப்போது எடுத்துச் சோதிக்க முடியுமா?

லேப்_தம்பி:
பயாப்சியில் எடுத்து மெழுகில் பதித்த சதைத் துண்டைப் பல லேப்களில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். பழைய ரிப்போர்ட்டில் பயாப்சி நம்பர் இருக்கும், அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.