ஸ்டெஃபான் கணக்கு: பனி உறையும் எல்லை படிக்கட்டாக நகர்கிறது, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. குளத்து நீர் மேலிருந்து உறைவதை மாதிரியாக்கிப் பார்க்கிறேன். 1889 வாக்கில் துருவக் கடல் பனி பற்றி யோசெப் ஸ்டெஃபான் போட்ட அதே கணக்குதான். மேற்பரப்பு −10 டிகிரி, கீழே நீர் 0 டிகிரி. பனியும் நீரும் சந்திக்கும் எல்லையில், நீர் உறையும்போது வெளியாகும் உள்ளுறை வெப்பம் முழுவதும் பனி வழியாக மேலே போயாக வேண்டும். பனி தடிக்கத் தடிக்க அந்த வழி நீளும், அதனால் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தில் வளரும். கையால் போட்டால் 24 மணி நேரத்தில் சுமார் 11 செ.மீ. வருகிறது.

நிரலில் என்தால்பி முறை (எல்லையைத் தனியாகத் தேடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்து மொத்த வெப்பத்தைக் கணக்கிடுவது) வைத்திருக்கிறேன், ஆழத்தைப் பிரித்த கட்டம் ஒவ்வொன்றும் 5 மி.மீ. கடைசித் தடிமன் சரியாகவே வருகிறது. ஆனால் 3 செ.மீ. ஆழத்தில் வெப்பநிலையை வரைந்தால் வளைவுக்குப் பதில் படிக்கட்டு! ஒரு கட்டம் முழுதாக உறையும்வரை 0 டிகிரியிலேயே நிற்கிறது, அப்புறம் சட்டென்று இறங்குகிறது. கட்டத்தைப் பாதியாக்கினேன், படி சிறிதானது, போகவில்லை. வெளிப்படை முறை (அடுத்த நேரப் படியை இப்போதைய மதிப்புகளிலிருந்தே நேரடியாகக் கணிப்பது) என்பதால் நேரப் படியையும் நாலில் ஒன்றாக்க வேண்டியிருந்தது, மடிக்கணினி திணறுகிறது.

ஆழத்தைப் பனித் தடிமனால் வகுத்து எல்லையை அசையாமல் நிறுத்தும் லாண்டாவ் உருமாற்றத்துக்கு மாறலாமா? அதில் தொடக்கத்தில் தடிமன் சுழி என்பதால் வகுத்தல் வெடிக்கிறது. இந்தக் கணக்குக்குச் சூத்திரமாகவே கிடைக்கும் துல்லிய விடையான நாய்மன் தீர்விலிருந்து ஒரு மி.மீ. பனியோடு தொடங்கினால் போதுமா? இல்லை, என்தால்பியிலேயே இருந்துகொண்டு, உறைந்த பங்கை வைத்து கட்டத்துக்குள் எல்லையைக் கணிப்பது நல்லதா? அடுத்து இதை இரு பரிமாணத்துக்குக் கொண்டுபோகும் எண்ணமும் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.