புதுப்பிப்பு: தீமிலிருந்து சொந்த நிரலைப் பிரித்தாயிற்று (வேர்ட்பிரஸ்)

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது, தளம் புதுத் தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) ஓடுகிறது.

நான் இங்கே கேட்டிருந்த கேள்வி இதுதான்: எங்கள் நூலகத் தளத்தின் புத்தகப் பட்டியலும் இரவல் படிவமும் தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஹெச்பி கோப்புக்குள் இருந்தன. தீமை மாற்றினால் இரண்டும் போய்விடும், அந்த நிரலை வேறு எங்கே வைப்பது?

சைல்டு தீம் (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் துணைத் தீம்) யோசனை எங்களுக்குப் பொருந்தவில்லை. அப்டேட்டுக்குத் தாங்கும், ஆனால் நிரல் அதே தீமோடுதான் கட்டுண்டிருக்கும். கைகொடுத்தது 'எம்யூ-பிளகின்ஸ்' ஃபோல்டரில் (எப்போதும் இயங்க வேண்டிய பிளகின்கள், அதாவது கூடுதல் வசதி தரும் நிரல்கள், இருக்கும் இடம்) போடச் சொன்னவரின் யோசனை. அங்கிருப்பதை அட்மின் பக்கத்திலிருந்து யாரும் தவறுதலாக நிறுத்த முடியாது. பலர் கையாளும் தளத்துக்கு இது பெரிய நிம்மதி.

இனித் தேடி வருபவர்களுக்குச் சில விவரங்கள். அந்த ஃபோல்டரில் நேரடியாக இருக்கும் பிஹெச்பி கோப்புகள் மட்டுமே தானாக லோடு ஆகும். உள்ஃபோல்டரில் வைத்தால் ஆகாது. அதனால் வெளியே ஒரு சின்னக் கோப்பு வைத்து, அதிலிருந்து 'ரெக்வயர்' மூலம் மற்றவற்றை அழைத்தேன். பழைய தீமிலிருந்து நிரலை நீக்கிய பிறகே புதியதை ஏற்றுங்கள். ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்தில் இருந்தால் தளம் ஃபேட்டல் எரரில் நின்றுவிடும். தீம் ஃபோல்டரைச் சுட்டிய சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) கோப்பு முகவரிகளையும் மாற்ற வேண்டியிருந்தது.

எதிர்பாராதது ஒன்று: இதோடு சேர்த்துப் புத்தகப் பக்கங்களின் ஸ்லக்கையும் (முகவரியில் வரும் பெயர்ப் பகுதி) மாற்றினேன், எல்லாம் 404 (பக்கம் இல்லை) காட்டின. இந்த வகைப் பிளகினுக்கு ஆக்டிவேஷன் ஹுக் (பிளகினை இயக்கும்போது ஓடும் நிரல்) கிடையாது, ஆகவே ரீரைட் விதிகளை (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பவை) புதுப்பிக்க அங்கே வழியில்லை. செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் (முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்ததும் சரியாகிவிட்டது.