‘பெயர்’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கிறது

சொல்தேடி:
வணக்கம். ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் ஒரு கலைச்சொல் பட்டியலை லிப்ரெஆபிஸ் ரைட்டரில் தொகுத்து வருகிறேன். அங்கே எல்லாம் சரியாகத் தெரிகிறது. பக்கம் வடிவமைக்க இன்டிசைனில் ஒட்டினால் தமிழ் மட்டும் உடைகிறது. ‘பெயர்’ என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்த எழுத்துருவை நிறுவினால் சரியாகும்? இப்போதைக்கு முப்பது சொற்களில் கொம்பைக் கையால் முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறேன்.

அச்சுக்கோப்பவன்:
முதலில் அந்த நகர்த்தலை நிறுத்துங்கள், தயவுசெய்து.

எழுத்துருவில் குறை இல்லை. எழுத்து இல்லாத எழுத்துரு என்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். உங்களுக்கு எழுத்துகள் வருகின்றன, வரிசைதான் தவறு. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘பெ’ என்பது முதலில் ப, அடுத்து எகரக் குறி. சேமிப்பில் எப்போதும் அந்த வரிசைதான். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது திரையில் வரையும் நேரத்தில் நடக்கிற வேலை. ரைட்டரில் அதை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைக்கும் நிரல் செய்கிறது. இன்டிசைனில் அதற்கான கம்போசரை, அதாவது எழுத்தையும் வரியையும் அமைக்கும் பகுதியை, நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்: பத்திப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. பத்தி பாணியிலேயே அமைத்துவிட்டால் ஒவ்வொரு பத்தியாகத் தொட வேண்டியதில்லை.

இந்தியையும் கூர்ந்து பாருங்கள். அங்கே குறில் இகரக் குறி மெய்க்கு முன்னால் வர வேண்டும். அதுவும் பின்னால் நின்றால் நான் சொல்வது உறுதி.

நீங்கள் கையால் திருத்திய முப்பதும் இப்போது கெட்ட தரவு. ‘பெயர்’ என்று தேடினால் அவை கிடைக்காது, அகரவரிசையிலும் தவறான இடத்தில் போய் உட்காரும். நான் ஒரு முறை அறுபது பக்கம் இப்படித் திருத்திக் கொடுத்துவிட்டு, பிறகு சொல்லடைவு தயாரிக்க முடியாமல் முழுவதையும் மறுபடி தட்டினேன். அந்த வலி வேறு யாருக்கும் வேண்டாம்.

சொல்தேடி:
ஆமாம், இந்தியும் உடைந்துதான் இருக்கிறது! எனக்கு இந்தி படிக்க வராது, அதனால் கண்ணில் படவில்லை. கம்போசரை மாற்றியதும் இரண்டும் நேராகிவிட்டன. நான் திருத்திய சொற்களில் மட்டும் புள்ளி வட்டம் தெரிகிறது.

அச்சுக்கோப்பவன்:
அந்தப் புள்ளி வட்டம் நல்லது, தவறு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. மூலத்திலிருந்து மறுபடி ஒட்டிவிடுங்கள்.

விரிதாள்வாசி:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக்கோப்பாக) எடுத்து விரிதாளில் திறக்கும்போது, தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால், அதற்கும் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ஒருங்குறி எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட்; ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்தால் அப்படித்தான் ஆகும். நேரடியாகத் திறக்காமல் இறக்குமதி வழியாகப் போய் 65001, அதாவது யுடிஎஃப்-8, என்று தேர்ந்தெடுங்கள். ஆனால் எல்லாம் கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் அந்தக் கோப்பில் தமிழ் இல்லை, மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

சொல்தேடி:
சரி, மூலக் கோப்பை இப்போதே தனியாக நகலெடுத்து வைக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.