டீம் லீட் பதவி: வாங்கிக்கொள்வதா, வேண்டாம் என்பதா?

மேடவாக்கம் மணி
ஒன்பது வருட அனுபவம், ஜாவா, அமெரிக்க வங்கி ஒன்றின் ப்ராஜெக்ட். இந்த வருட அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், டீம் லீட் பதவி தருகிறோம், 18 சதவீதம் சம்பள ஹைக் என்கிறார்கள். கூடவே தினமும் நியூயார்க் நேரம் காலை பத்துக்கு க்ளையன்ட் மீட்டிங், மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால், எந்நேரம் கூப்பிட்டாலும் வேலைக்கு உட்காரவேண்டும். அவர்களுடைய பத்து மணி நமக்குக் கோடையில் இரவு ஏழரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் மார்ச் வரை எட்டரை. என் மகளுக்கு நாலு வயது, எட்டரைக்குக் கதை சொன்னால்தான் தூங்குவாள். வேண்டாம் என்றால் அடுத்த வருடம் என் ஜூனியரிடம் நானே லீவு கேட்டு நிற்கவேண்டி வரும். என்ன செய்யலாம்? திட்டுவதானாலும் திட்டுங்கள்.

பழைய மேன்ஷன்வாசி
தம்பி, யோசிக்காமல் வாங்கிக்கொள். 2001இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன, ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் நாலு பேர், மூன்று வருடம் நைட் ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் என்கிற, க்ளையன்ட் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டம் படுத்துவிடும், கேட்க ஆள் இருக்காது, அது எழுதிவைக்கும் லாகை வரி வரியாகப் படித்து நாமேதான் கண்டுபிடிக்கவேண்டும். அந்தப் படிப்பு எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னபோது எல்லோரும் மீம் போட்டீர்கள். வயதிருக்கும்போது ஓடாமல் அப்புறம் எப்போது ஓடுவதாம்?

சிறுசேரி பஸ்
ஓடுவதெல்லாம் சரி சார், கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 70 ஆபீசுக்கு, ஏழு மணி நேரம் வீதம் தூக்கத்துக்கு 49. மிச்சம் 49. தாம்பரத்தில் ஏறி சிறுசேரியில் இறங்க ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை, ஆறு நாளுக்கு 18 போய்விட்டது. மீதி 31 மணி நேரத்தில் குளிக்கணும், சாப்பிடணும், பால் கார்டு, பல் டாக்டர், அம்மாவுக்கு ஃபோன் எல்லாம் முடிக்கணும். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம், ஞாயிறும் வரணும் என்று பேசினாரே, அதை இதே கணக்கில் ஏழு நாள் பயணத்தோடு போட்டால் எட்டு மணி நேரம்தான் மிஞ்சும். ஒரு வாரம் முழுக்க எட்டு மணி நேரம்! உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் 2021இல் சொன்னதையும் பாருங்கள்: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். ஹைக் 18, ஆபத்து 35.

பழைய மேன்ஷன்வாசி
மணிக்கு யாரும் 70 மணி நேரம் கேட்கவில்லையே, ஒரு மீட்டிங்தான் கேட்கிறார்கள். அதற்குள் பக்கவாதம் வரைக்கும் போய்விட்டீர்கள்.

ஒரகடம் பி ஷிஃப்ட்
ஐ.டி. ஆட்கள் பேசுவதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. நான் மெக்கானிக்கல், ஒரு வாகன உதிரிபாக ஆலையில் இன்ஜினியர். 1948 தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று எழுதிவைத்தது. என் லைனில் ஆபரேட்டர் அண்ணன் இரண்டு மணி நேரம் கூட நின்றால் ஓ.டி., அதாவது ஓவர்டைம், போட்டுக்கொண்டு போவார். நான் நாலு மணி நேரம் நின்றாலும் ஒன்றும் கிடையாது, மேற்பார்வைப் பதவியாம். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கத்தியதால்தான் மே தினத்தன்று அரசு வாபஸ் வாங்கியது. நீங்கள் என்றைக்காவது நாலு பேர் சேர்ந்து கத்தியிருக்கிறீர்களா? தனித்தனியாக வந்து இங்கே புலம்புகிறீர்கள்.

இரண்டாவது இன்னிங்ஸ்
மேன்ஷன்வாசி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. மேன்ஷன் காலம் முடிந்து கல்யாணம் ஆகி, பிள்ளை ஸ்கூலுக்குப் போன அத்தனை வருடத்தில் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு எத்தனை தடவை போனீர்கள்? நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என்னிடமும் இதே ராத்திரி மீட்டிங்கைத்தான் நீட்டினார்கள். மடியில் குழந்தை, மைக் மியூட்டில், ஒரு கையால் டைப் அடித்து ஒரு வருடம் ஓட்டினேன். அப்புறமும் அப்ரைசலில் பெல் கர்வ், சிலருக்குத்தான் மேல் இடம், என்று சொல்லி நடுவில் தள்ளினார்கள். ராத்திரியில் நான் உட்கார்ந்தது யார் கணக்கிலும் ஏறவில்லை.

பழைய மேன்ஷன்வாசி
ஒரு தடவைகூடப் போனதில்லை. வீட்டில் அவங்கதான் போனாங்க. ஆனால் பள்ளிக்கரணையில் வீட்டு லோன் முடிந்ததும் அதனால்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

சிறுசேரி பஸ்
மணி, சம்பளமும் நேரமும் ஒரு பக்கம் இருக்கட்டும். லீட் ஆனால் தினமும் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்களா? எங்கள் ஆபீசில் லீட் என்றால் டைம்ஷீட் அப்ரூவ் பண்ணுவது, வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் எக்செலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அடிப்பது, யார் லீவு என்று பார்ப்பது, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து வெளியே இன்டர்வியூ போனால் போர்டில் கோட் எழுதச் சொல்வார்கள், கை நடுங்கும். அதிலும் தப்பித்து ஆஃபர் வாங்கினால் இங்கே 90 நாள் நோட்டீஸ், அங்கே 30 நாளில் வா என்பார்கள். பதினொரு வருட அனுபவம், கோட் எழுதுவதும் போச்சு, முழு மேனேஜரும் இல்லை. மேன்ஷன்வாசி சார் ராத்திரி இரண்டு மணிக்கு லாக் படித்தார், அதில் கற்றார், ஒத்துக்கொள்கிறேன். எக்செலுக்குக் கலர் அடிக்க எதற்கு ராத்திரி எட்டரை மணி?

பழைய மேன்ஷன்வாசி
இது நியாயமான கேள்வி. தம்பி, வாங்கிக்கொள் என்றுதான் இப்போதும் சொல்வேன், ஆனால் வாரத்தில் பாதியாவது டிசைனும், மற்றவர்கள் எழுதிய கோடைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவும் உன் கையில் இருக்கவேண்டும் என்று முதலிலேயே பேசிவிடு. சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

மேடவாக்கம் மணி
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மேனேஜரிடம் போய் மீட்டிங்கை முன்னால் தள்ள முடியுமா என்று கேட்டேன். க்ளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அடித்துச் சொன்னார். சரி என்று, அவரையும் காப்பியில் வைத்து நானே க்ளையன்டுக்கு மெயில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்: காலை எட்டரை எனக்கும் வசதி, பத்து மணி உங்கள் பக்கம் கேட்டது என்றல்லவா நினைத்திருந்தேன் என்று. மூன்று வருடமாக இந்த மீட்டிங் நடக்கிறது சார்! இனி கோடையில் ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. கோட் ரிவ்யூ என்னிடமே இருக்கும் என்றும் பேசிவிட்டேன். பதவியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது இன்னிங்ஸ்
மகிழ்ச்சி. மூன்று வருடமாக அதே மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒரகடம் பி ஷிஃப்ட்
ஆன்-கால் வாரத்துக்கு மறுநாள் லீவு உண்டா? மெயிலில் எழுதி வாங்கினீர்களா, வாய்ப் பேச்சா?

மேடவாக்கம் மணி
வாய்ப் பேச்சுதான்.