கலவை மிஷினை இழுத்துக்கிட்டு கம்பம் மெட்டு இறங்கினேன்: உங்க பிக்கப் அனுபவத்தையும் சொல்லுங்க

கம்பத்துக்காரன்

போன ஐப்பசி மழைக்கு நடுவுல நடந்தது. சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனா எங்க ஸ்டாண்டுல இதே வேலையைத் தினம் நாலு பேரு பண்றதைப் பார்க்கிறேன், அதனால எழுதுறேன்.

வண்டி பொலிரோ பிக்கப், 2016 மாடல். கம்பம் மெட்டு மலை ரோடு ஏறி, கேரளாவுல வண்டன்மேட்டுக்கு உள்ள ஒரு ஏலத்தோட்டத்துல லயத்துக்கு, அதான் ஆளுங்க தங்குற வரிசை வீட்டுக்கு, தளம் போடுற வேலை. கம்பத்துல இருந்து ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்டு கலக்குற மிஷினைப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போனோம். போகும்போது ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டே ஏறிடுச்சு. "எப்படி இழுக்குது பாருடா"ன்னு கூட வந்த பையன்கிட்ட பெருமை வேற.

வேலை முடிஞ்சு கிளம்பும்போது சாயங்காலம் ஆறரை. நல்ல மூட்டம். எதிர்ல வர்ற வண்டியோட லைட்டு மட்டும்தான் தெரியுது. தொட்டியில மிச்ச சிமெண்டு பன்னெண்டு மூட்டை, சென்ட்ரிங் சீட்டு, ஜாக்கி எல்லாம் கிடக்கு. ஆளுங்க ஜீப்புல முன்னாடியே இறங்கிட்டாங்க, நல்லவேளை. மிஷினை மாட்டுற பின்னைக் காணோம், சகதியில எங்கேயோ விழுந்திருக்கு. தேடப் பொறுமை இல்லை. சென்ட்ரிங் கம்பி ஒண்ணை எடுத்து ஓட்டையில விட்டு, நுனியை வளைச்சு விட்டுட்டோம். சங்கிலின்னு ஒண்ணு எப்பவுமே இருந்ததில்லை.

மெட்டுல செக்போஸ்ட் தாண்டி இறக்கம் ஆரம்பிச்சதும் நாலாவது கியருக்குப் போயிட்டேன். டீசல் மிச்சம்ங்கிற பழக்கம்தான். ரெண்டு வளைவு தாண்டியிருக்கும், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முதுகுல ஒரு இடி. நான் நின்னாலும் மிஷின் நிக்க மாட்டேங்குது. அதுக்கு ஏது பிரேக்கு? டன்னுக்குக் குறையாத இரும்பு, மொத்தத்தையும் என் வண்டியோட பிரேக்குதான் தாங்கணும். நேர் ரோட்டுல இடிச்சா முன்னாடி தள்ளும், அதைச் சமாளிச்சிரலாம். வளைவுக்குள்ள மிதிச்சா வண்டியோட பின்பக்கத்தையே குறுக்க தள்ளுது. ஒரு வளைவுல பின்சக்கரம் ரெண்டடி பக்கவாட்டுல நழுவுனதை இடுப்புல உணர்ந்தேன்.

அஞ்சாவது வளைவோ ஆறாவதோ, கருகின வாசம். கிளட்சுன்னு நினைச்சேன். அடுத்த மிதியில பெடல் பொதபொதன்னு தரையில போய் உக்காந்துச்சு. ரெண்டு மூணு தடவை அடிச்சு மிதிச்சதுல கொஞ்சம் பிடிச்சுது. அதுக்குள்ள மூணாவது, அப்புறம் ரெண்டாவதுன்னு கியரை இறக்கினேன், இன்ஜின் அலறுது. கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே மலைப்பக்கம் சாய்ச்சு, ஓடையில சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்த முடிஞ்சுது. இறங்கிப் போய்ப் பின்னால டார்ச் அடிச்சுப் பார்த்தா, அந்தக் கம்பி பாதி அறுந்து நிக்குது.

பையன் பயத்துல தண்ணி கேனைத் தூக்கிட்டு ஓடுறான், சக்கரத்துல ஊத்த. காய் லோடு ஏத்திக் கட்டப்பனைக்கு ஏறிக்கிட்டிருந்த லாரிக்காரர் ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், வண்டியை நிறுத்திட்டு ஒரு சத்தம் போட்டாரு. "ஊத்தாதடா! டிஸ்க் கோணிக்கிரும், டிரம்மு வெடிச்சிரும். அதுவா ஆறட்டும்." அரைமணி நேரம் எங்ககூடவே நின்னாரு. அவரு கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏறும்போது எந்த கியர்ல ஏறுன?"

"ரெண்டு, மூணுண்ணே."

"அப்ப இறங்கும்போது என்ன நாலு?"

இருவது வருசமா எல்லாரும் சொல்லிக் கேட்டதுதான். அன்னைக்குத்தான் காதுல ஏறுச்சு.

மறுவாரம் பட்டறையில பிரேக் ஆயிலைத் திறந்தா டீத்தண்ணி மாதிரி இருக்கு. வாங்கினதுல இருந்து மாத்தவே இல்லை. மெக்கானிக் சொன்னது: அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்குமாம். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்துட்டா 140லயே கொதிச்சிரலாம். கொதிச்சா பைப்புக்குள்ள ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதான் பெடல் பொதபொதன்னு போனது. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொன்னாரு. மலை ஓடுற வண்டிக்கு அதுக்கும் முன்னாடியே மாத்தலாம்ங்கிறது என் கணக்கு.

இழுக்கிறது, தள்ளுறது, புது வண்டியில வர்ற பட்டன் சமாச்சாரம், எதுல மாட்டியிருந்தாலும் எழுதுங்க.

புளியரை மச்சினன்

அண்ணாச்சி, உங்களுது மிஷின். எங்களுது காரு.

புளியரை எஸ் வளைவுக்கு மேல, கோட்டைவாசல் பக்கம் எங்க அத்தான் காரு நின்னு போச்சு. ஐயப்ப சீசன், ரோடு முழுக்க வண்டி. நான் என் தோஸ்த் பிக்கப்பை எடுத்துட்டுப் போய்க் கயிறு கட்டி இழுத்தேன். கயிறு பதினஞ்சு அடிக்குள்ளதான் இருந்துச்சு. ரெண்டு வண்டிக்கும் நடுவுல 5 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு பின்னாலதான் தெரியும். கயிறு மத்தவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும். இழுபடுத வண்டிக்குப் பின்னால வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்துல இது இழுபடுத வண்டின்னு எழுதி மாட்டணும். அதுல உக்காந்திருக்கவருக்கு லைசென்ஸும் வேணும். நாங்க கயித்துல ஒரு சிவப்புத் துண்டு கட்டினோம், அவ்வளவுதான்.

அத்தானுக்கு லைசென்ஸ் உண்டு. புத்திதான் அன்னைக்குக் கொஞ்சம் கம்மி. "இன்ஜின்தான் ஓடலையே, பேட்டரி எதுக்கு வீணாகணும்"னு சாவியை உருவிப் பையில போட்டுட்டாவ. முதல் வளைவு வந்துச்சு, நான் திரும்பிட்டேன். அவுக ஸ்டீயரிங் லாக் விழுந்து நேரா வாராவ! கயிறு தொய்ஞ்சு, திரும்ப விண்ணுன்னு இழுத்து, காரு மதகுச் சுவத்துல உரசி நின்னுச்சு. கதவு ரெண்டும் போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல.

சாவி ஆன்ல இருக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். அதோட இன்ஜின் ஓடலைன்னா பிரேக் ரெண்டு மிதிக்குத்தான் மெதுவா இருக்கும், பிறவு கல்லை மிதிக்க மாதிரி. பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான். மிதிக்கணும்னா ரெண்டு காலையும் வச்சு மிதிக்கணும்னு முன்னாலயே சொல்லி வச்சிருந்தா அவுகளுக்குப் பதட்டம் குறைஞ்சிருக்கும். ஆட்டோமேட்டிக் காரா இருந்தா கயிறே கட்டாதீங்க, தூக்கி வச்சுக் கொண்டு போற வண்டியைக் கூப்பிடுங்க.

அத்தான் இன்னைக்கு வரைக்கும் "நீ வேகமாத் திரும்பினே"ன்னுதான் சொல்லுதாவ.

கொழிஞ்சாம்பாறை

எனக்கு லோடே இல்லாமதானுங்க ஆபத்து வந்துச்சு.

தேங்காய் இறக்கிட்டுக் காலி வண்டியா கோயமுத்தூர்ல இருந்து வாளையார் வழியா வர்றேன். ஆனி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து தெரியுமில்லைங்க, தார்ப்பாய் கட்டாம இருந்தா தொட்டியில கிடக்கிற சாக்கெல்லாம் காத்தோட போயிரும். அப்பத்தான் முதல் மழை விழுந்து ரோடு எண்ணெய் மாதிரி இருக்கு. கஞ்சிக்கோட்டுக்கு முன்னால லாரி ஒண்ணு திடுக்குன்னு நின்னுச்சு. மிதிச்சேன். பெடல் காலுக்கடியில கடகடன்னு அதிருது, ஏதோ பல் சக்கரம் உடைஞ்ச மாதிரி. பயந்து காலை எடுத்துட்டேனுங்க!

அது ஏபிஎஸ், மிதிக்கிறப்ப சக்கரம் பூட்டி வழுக்காமப் பாத்துக்கிறதுங்க. வண்டி வாங்கி எட்டு மாசம், அன்னைக்குத்தான் அது முதல் தடவையா வேலை செஞ்சுது, நான் அதையும் நிறுத்திட்டேன். திரும்ப மிதிச்சு, ஸ்டீயரிங்கை ஒடிச்சு, லாரிக்கும் டிவைடருக்கும் நடுவுல போய் நின்னேன். கண்ணாடி மட்டும் போச்சு. அதிர்ந்தாலும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே திருப்பணும், திருப்ப முடியறதுக்குத்தான் அது இருக்கு. ஷோரூம்ல பாட்டு எப்படிப் போடறதுன்னு இருவது நிமிசம் சொல்லிக் கொடுத்தாங்க. இதைச் சொல்லலை.

காலி பிக்கப்போட பின்பக்கம் எடையே கிடையாது, ஸ்பிரிங் பட்டை விறைச்சு நிக்கும். லோடு இருக்கிறப்ப நிக்கிற தூரத்தை நம்பிக் காலி வண்டியை ஈர ரோட்டுல ஓட்டாதீங்க.

பரதராமி ரோடு

குடியாத்தம் பக்கம். மாங்கா சீசன்ல சித்தூர் கூழ் ஃபேக்டரிக்கு ஓட்டறவன்.

ஒருத்தரோட 4x4 வண்டியில போனப்ப நடந்தது. ஏரிக்குள்ள டிராக்டர் டிரைலர் மாட்டிக்கினு இருந்துச்சு. அவரு "நம்மளுது ஃபோர் பை ஃபோர், யானையே இழுக்கும்"னுட்டு நைலான் கயித்தை பம்பர்ல கட்டினாரு. 4எல், அதான் நாலு சக்கரமும் சேந்து மெதுவா இழுக்கிற கியரு, அதைப் போட்டு ஒரு தூக்கு தூக்கினாரு. பம்பர் வந்துச்சு, டிரைலர் வரல.

சேசிஸ்ல கொக்கி இருக்கும், அதுலதான் கட்டணும். ஜெர்க் அடிக்காம கயிறு விறைச்சப்புறம் மெதுவா இழுக்கணும். கயித்து மேல ஈரச் சாக்கு போட்டு வைக்கணும், அறுந்தா அது சாட்டை மாதிரி வரும். சுத்தி நிக்கிற பசங்களைத் துரத்திட்டுத்தான் வண்டியவே ஸ்டார்ட் பண்ணணும். அன்னைக்கு ஊரே கரையில நின்னு வேடிக்கை பாத்துச்சு, பம்பர் யாரு மேலயும் படாம விழுந்தது எங்க அம்மா வேண்டுதல்.

இன்னொண்ணு, சேத்துல சக்கரம் சுத்தும்போது டிராக்ஷன் கண்ட்ரோல் தானா பவரைக் குறைச்சிடும். வண்டி செத்த மாதிரி நிக்கும். அங்க மட்டும் அதை ஆஃப் பண்ணிடணும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஆன் பண்ணிட்டு, ஃபோர் வீலையும் எடுத்துடணும். காஞ்ச ரோட்டுல ஃபோர் வீல்லயே ஓட்டினா முன்னும் பின்னும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கும், திரும்பறப்ப வண்டி இழுத்துக்கினு வரும். நண்பருக்கு அதுவும் தெரியாம ஊர் வரைக்கும் அப்படியே ஓட்டினாரு.

கட்டப்பனைப் பையன், இப்ப டொரண்டோ

பிறந்தது கட்டப்பனை, படிச்சது கம்பம். இங்க வந்து மூணு குளிர்காலம் பிக்கப்புல பனி தள்ளியிருக்கேன். "தள்ளுறது"ன்னு அண்ணன் கேட்டதால சொல்றேன்.

முன்னால ஒரு இரும்பு பிளேடு மாட்டுவாங்க. முன்பக்கம் எடை கூடி பின்பக்கம் லேசாயிரும். அதனால தொட்டியில, பின் அச்சுக்குப் பின்னால, மண் மூட்டை ஏத்திக் கட்டுவோம். பிளேடைத் தூக்கிக்கிட்டு நெடுஞ்சாலையில ஓடினா அது ரேடியேட்டருக்குப் போற காத்தை மறைக்கும், மைனஸ் பத்துல கூட இன்ஜின் சூடேறும். நம்ம ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க. பிளேடைக் கொஞ்சம் இறக்கி, சாய்ச்சு வச்சு ஓட்டினா குறையும். தள்ளும்போது மெதுவாத்தான் போகணும். பனிக்கடியில சாக்கடை மூடி துருத்திக்கிட்டு இருந்தா பிளேடு அதுல இடிச்சு, நம்ம பல்லு ஸ்டீயரிங்ல.

ஆனா அண்ணன் கதையைப் படிச்சதும் எனக்குத் தோணினது இழுக்கிற விஷயம். இங்க டிரைலர்ல மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உக்கார்ற மாதிரி ஏத்தணும்னு சொல்லித் தருவாங்க. பின்னால எடை கூடினா டிரைலர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்ப வண்டி பிரேக்கை அடிச்சா மடங்கிக்கும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சு, டிரைலர் பிரேக்கை மட்டும் கையால கொடுப்பாங்க. அந்தப் பிரேக்குக்கு டாஷ்போர்டுல தனியா ஒரு பிடி இருக்கும். இறக்கத்துல பிரேக் தொட்டதும் தானா கியர் இறக்கிற ஒரு பட்டனும் உண்டு. காய் லாரித் தாத்தா சொன்னதைத்தான் அந்தப் பட்டன் செய்யுது.

சங்கிலி ரெண்டு போடுவாங்க, கொக்கிக்கு அடியில பெருக்கல் குறி மாதிரி குறுக்க. பின் அறுந்தா இழுவைக் கம்பி தரையில குத்தாம அந்தச் சங்கிலித் தொட்டில்ல விழும். கம்பம் மெட்டுல உங்க கம்பி முழுசா அறுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது அண்ணே. மத்த தோட்டத்து ஆளுங்க ஜீப்புல இறங்குற நேரம் அது.

புளியரை மச்சினன்

கம்பத்துக்காரரே, அந்த மிஷின் இப்ப எங்க இருக்கு?

கம்பத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. டொரண்டோ தம்பி, சங்கிலி விஷயம் அடுத்த நாளே செஞ்சுட்டேன். பட்டறையில சொல்லி ஏத்திப் பூட்டுற கிளிப்போட பின்னு ஒண்ணு, ரெண்டு பக்கமும் கொக்கி வச்ச சங்கிலி ஒரு ஜோடி. மிஷினோட பின்பக்கம் மாட்டுறதுக்கு ஒயரோட ஒரு லைட்டுப் பலகையும் செஞ்சேன். இப்ப மெட்டு இறங்கும்போது ரெண்டாவது கியர்தான், பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுக்கட்டும். ஏறுற வண்டி வந்தா நானே ஒதுங்கி நிக்கிறேன்.

மிஷின்காரர்கிட்ட சங்கிலி மாட்ட அவரு மிஷின்ல ரெண்டு வளையம் வெல்டிங் வைக்கணும்னு கேட்டேன். "இத்தனை வருசமா இப்படித்தானய்யா போகுது"ன்னாரு. வளையம் இல்லாம இழுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப வேற ஒரு பிக்கப்காரருக்குக் கொடுக்கிறாரு. நேத்துக் காலையில பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அந்த மிஷின் மெட்டுப் பக்கம் போகுது. பின்னு இருக்க வேண்டிய இடத்துல மறுபடியும் ஒரு சென்ட்ரிங் கம்பி. கையைக் காட்டிக் கத்தினேன். அவருக்கு வணக்கம் சொல்றேன்னு நினைச்சு அவரும் கையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.