பொருள்: 'கல்பபிள் ஹோமிசைடு' தமிழில் என்ன? திங்களுக்குள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

சட்ட உதவித் தன்னார்வலர்களுக்காகக் கொலை வழக்கு பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. மர்டருக்குக் 'கொலை' என்று போட்டுவிட்டேன். கல்பபிள் ஹோமிசைடுக்கு? செய்தித்தாளில் வரும் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' அதில் ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 299) பெரிய வட்டம். சாகடிக்கும் எண்ணத்தோடு செய்தது, சாவு வரக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணத்தோடு செய்தது, ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்தது எல்லாம் அதற்குள் வரும். 101இல் உள்ள கொலை அந்த வட்டத்துக்குள்ளே ஒரு சின்ன வட்டம். எல்லாப் பனையும் மரம், எல்லா மரமும் பனை இல்லை, அப்படி.

இன்னொன்றும் இருக்கிறது. பாளையங்கோட்டை கோர்ட் வாசலில் ஒரு அம்மா தாளை நீட்டி, "கொலை ஆகாதுன்னுதானே எழுதியிருக்கு, பையன் வந்திருவாம்லா?" என்று கேட்டார். கொலை ஆகாத அந்தப் பகுதிக்குத் தண்டனை சொல்லும் 105ஆம் பிரிவில் ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். இந்தச் சொல் அவரை ஏமாற்றிவிட்டது.

– பாளையங்கோட்டை, சட்ட ஆசிரியை

*

தங்கச்சிக்கு,

முதலில், பனை மரமே இல்லை. புறத்தே வயிரம் உள்ளது புல், அகத்தே வயிரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியர் மரபியலில் பிரித்து வைத்திருக்கிறார். பனையும் தென்னையும் புல் வகை. கையேட்டில் அந்த உவமை வேண்டாம்.

சொல்லுக்கு வருவோம். கொல், கொலை, கோறல் என்று நமக்கு வேர் இருக்கிறது. கன்னடத்திலும் கொலெதான். 'கொல்'லும் 'கொள்'ளும் ஒரே வேர், உயிரைக் கொள்வதே கொல்வது என்பது என் நெடுநாளைய கருத்து. அது நிற்க. கொலையை மர்டருக்குக் கொடுத்துவிட்டதால் பொதுப்பெயருக்கு வேறு வினை வேண்டும். 'உயிர்செகுத் துண்ணாமை நன்று' என்று வள்ளுவரே எடுத்துத் தருகிறாரே. 'உயிர்செகுப்பு' என்று வையுங்கள்.

– சேரன்மாதேவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

அண்ணாச்சி, உயிர்செகுப்பு அழகான சொல்தான். ஆனால் நாங்குநேரியிலிருந்து வரும் சாட்சிக்கு அதை விளக்கவே அரை நாள் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் கொலைத் தண்டனைக்குப் பிரிவு 103 என்று ஆகியும், இங்கே இன்றைக்கும் '302 கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். எண்ணே சொல்லாகிவிட்டது.

ஆளுக்கு விளங்கவேண்டியது எங்கே கோடு விழுகிறது என்பதுதான். நம்ம பக்கத்துச் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மடையை ஒருத்தன் அடைத்துவிட்டான், வாய்ச்சண்டை முற்றி, அடுத்த வயல்காரன் கையில் இருந்த மண்வெட்டியால் ஒரே அடி, மடையை அடைத்தவன் செத்துப்போனான். முன்திட்டம் இல்லை, திடீர்ச் சண்டை, கொடூரமாகவும் நடந்துகொள்ளவில்லை என்றால் 101இல் உள்ள நாலாவது விதிவிலக்கைக் கேட்கலாம்; கிடைத்தால் குற்றம் கொலையிலிருந்து 105க்கு இறங்கும். அவனே வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துவந்து வெட்டியிருந்தால் அந்த வாசல் அநேகமாக அடைபட்டுவிடும். திடீர்ச் சினமூட்டல் என்ற முதல் விதிவிலக்கிலும் அப்படித்தான். கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்ட வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இந்த இடைவெளியைத்தான். மனைவி சொன்னதைக் கேட்டதற்கும் சுட்டதற்கும் நடுவே மூன்று மணி நேரம், அதற்குள் கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி வந்திருக்கிறார். சினம் ஆற நேரம் இருந்தது என்று சொல்லி ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். நாள்கணக்கில் சேர்ந்து வெடிக்கும் சினத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றதும் உண்டு என்பதால் இதிலும் கதவு முழுக்கச் சாத்தவில்லை.

தற்காப்பு வேறு. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சித் திருப்பித் தாக்கி ஆள் செத்தால் அது குற்றமே இல்லை. நல்லெண்ணத்தோடு எல்லை மீறியிருந்தால் 105க்கு இறங்கும். 'தற்காப்பு என்றாலே விடுதலை' என்று நினைக்கிறார்கள், கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். விதிவிலக்கு கேட்கிறவர்தான் அதைக் காட்டவேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

– சந்திப்பு, வழக்கறிஞர்

*

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இந்தத் தகராறே இல்லை. மலையாளத் தாள்களில் மர்டர் 'கொலபாதகம்', இது 'நரஹத்ய'. இரண்டு சொல், இரண்டு குற்றம். நாமும் 'நரஹத்தி' என்று வைத்துக்கொண்டால் என்ன? பிரம்மஹத்தி நமக்குத் தெரிந்த சொல்தானே.

– செங்கோட்டை

*

பிரம்மஹத்தி தெரியும், அதனால்தான் வேண்டாம். பாவம், தோஷம், பரிகாரம் எல்லாம் கூடவே ஏறி வரும். கல்பபிள் என்றால் பழிக்குரியது. நேராகப் 'பழிக்கொலை' என்றே சொல்லலாமே, ரெண்டும் தமிழ்.

– அம்பாசமுத்திரம், மொழிபெயர்ப்பாளர்

*

ஐயா, தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். இந்த ஊரில் பழிக்கொலை என்றால் பழிக்குப் பழி. பழைய கொலைக்கு நாள் பார்த்துக் காத்திருந்து செய்வது. முன்திட்டம் இல்லாமல் நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டிய குற்றத்துக்கு அந்தப் பெயரை வைத்தால், குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாதம் தலைப்பிலேயே செத்துவிடும்.

– சந்திப்பு, வழக்கறிஞர்

*

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லை. 100க்கு 'மரணம் விளைவித்த குற்றம்', 105க்கு 'கொலைக்கு அடுத்த நிலையிலான மரணம் விளைவித்த குற்றம்' என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் 'ஆகாத' போய் 'குற்றம்' வந்துவிட்டது. பக்கத்திலேயே பழைய எண், புது எண், அதிகபட்சத் தண்டனை மூன்றும் இருக்கும். நாலைந்து பேர் தனிமடலில் சரி என்றிருக்கிறார்கள்.

– பாளையங்கோட்டை

*

எனக்குச் சம்மதம் இல்லை. சாவு என்று தமிழ் இருக்க மரணம் எதற்கு? 'சாவு விளைவித்த குற்றம்' என்றால் எந்தத் தாய்க்கு விளங்காது? அடுத்த பதிப்பிலாவது பாருங்கள். அலிபிக்கு (சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம்) என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள், 'வேறிடவாதம்' என்று எழுதியிருந்தால் ஒற்று பற்றி எனக்குக் கேள்வி இருக்கிறது.

– சேரன்மாதேவி