ஒரே ரோட்டில் இரண்டு சென்றி: அமைதிப்படைக் காலத்தில் நீங்கள் கண்ட சிப்பாய்கள்

ஒழுங்கைக்காரன் எழுதியது:

இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த நாளே பலாலியில் வந்து இறங்கினார்கள். லொறிகள் எங்கள் பக்கத்தால் போனபோது பூமாலையோடு ரோட்டோரம் நின்றோம். அம்மம்மா ஒரு சிப்பாய்க்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தா. பத்து வாரம்தான் அந்த உறவு. ஒக்டோபர் 10ஆம் திகதி அவர்களுக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. அதே சீருடைக்குப் பயந்து ஓடி, நல்லூர்க் கோயிலடியில் ஆயிரக்கணக்கான சனத்தோடு படுத்துக் கிடந்தோம்.

சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கேட்பது அதற்குப் பிறகு வந்த சாதாரண நாட்களைப் பற்றி. ரியூசனுக்குப் போக நான் இரண்டு சென்றி, அதாவது சிப்பாய்கள் மறித்துச் சோதிக்கும் காவலரண், தாண்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அரைக் கட்டை (அரை மைல்) தூரம்கூட இருக்காது.

முதல் சென்றியில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் இருந்தார். தோளில் இரண்டு நட்சத்திரம், கீழே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நாடா. பெண்களின் பையை அவருடைய ஆட்கள் தொட மாட்டார்கள். ஒரு மேசை போட்டிருந்தார், அவரவரே பையைத் திறந்து அதில் கொட்டிக் காட்ட வேண்டும். இரண்டாவது சென்றியில் அடையாள அட்டையைப் பார்க்காமலே நிலத்தில் எறிவார்கள். வெயிலில் முட்டுக்காலில் இருத்துவார்கள். என்னோடு படித்த ஒருவனின் கொப்பியை ஒவ்வொரு ஒற்றையாகக் கிழித்தார்கள். அங்கே நட்சத்திரம் வைத்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

ஒரு நாள் பக்கத்தில் கண்ணிவெடி வெடித்தது. அடுத்த நாள் காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு முதல் சென்றிக்குப் போனேன். மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். அவன் கை நடுங்கியது. பெரியவர் ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. மெல்ல நடந்து வந்து, துவக்குக் குழலின்மேல் தன் உள்ளங்கையை வைத்து நிலத்தைப் பார்க்க அமர்த்தினார். அவனை மண்மூட்டைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, அன்று முழுக்கத் தானே ரோட்டில் நின்றார். பின்னேரம் திரும்பும்போதும் அவர்தான் நின்றார்.

ஒரே படை, ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? உங்களுக்கு ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

வடமராட்சி அக்கா எழுதியது:

தம்பி, நல்ல சென்றி, கெட்ட சென்றி என்று பிரித்து வைக்க என்னால் முடியவில்லை. நான் கண்டது ஒரே ஆளைத்தான்.

எங்கள் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்க வரும் சிப்பாய் அவர். வந்தால் என் கடைசித் தம்பியையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய பிள்ளை, அவர் கப்பலேறிய பிறகு பிறந்தது. இன்னும் கண்ணால் காணவில்லை என்பதைக் கண்ணைத் தொட்டுக் கையை விரித்துச் சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் தந்தி ஒன்றோடு வந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஐயாவுக்கு ஹிந்தி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தாய்க்குக் கடுமை, உடனே வரவும் என்பதுதான் செய்தி. அடித்த திகதியைப் பார்த்தால் ஒன்பது நாள் பழசு. ஐயா “அம்மா” என்று சொல்லித் தலையணையில் சாய்வதுபோலக் காட்டினார். அந்த ஆளுக்கு விளங்கிவிட்டது. கிணற்றுக்கட்டில் குந்தி இருந்து, தந்தியைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அவரை ரோந்தில் கண்டோம்.

அந்தக் கிழமையே சுற்றிவளைப்பு. ஒழுங்கையில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, முகம் மூடி ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையாக நடத்தினார்கள். எங்கள் படலையை உதைத்துக்கொண்டு வந்தவர் அதே ஆள்தான். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் காது பொத்தி அடித்தார். அவனுக்கு அந்தக் காது இன்றைக்கும் கேட்காது. என் தம்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெடியனுக்கு நடந்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தத் தந்தியும் எனக்கு மறக்கவில்லை.

பழைய ஜவான் எழுதியது:

நான் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கம். பத்தொன்பது மாதம் அங்கே இருந்தேன். எந்த யூனிட் என்று சொல்ல விரும்பவில்லை. முதலில் அக்காவிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையனை அடித்ததற்கு எந்தத் தந்தியும் நியாயம் ஆகாது. நான் எழுதுவதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி சொன்ன பெரியவர் சுபேதார். சிப்பாயாகச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனவராக இருப்பார். கம்பெனியில் ஒழுங்கு நிற்பதும் விழுவதும் அவர்களை வைத்துத்தான். அதிகாரி வேறு இடத்துக்கு மாறிப் போவார், சுபேதார் பையன்களோடே படுத்து எழுந்திருப்பவர். யாருக்கு வீட்டில் என்ன பிரச்சினை, யார் ரெண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆள் பற்றாமல் அவர் இல்லாத இடத்தில் சென்றி போட்டால், இருபது வயசுப் பையன் கையில் துப்பாக்கியும் பயமும்தான் மிஞ்சும்.

எங்களை அனுப்பும்போது புலிகளிடம் ஆயுதத்தை வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார்கள். கேரம் போர்டு எடுத்துக்கொண்டு வந்த பையன்கள் இருந்தார்கள். அக்டோபரில் ஒரே ராத்திரியில் எல்லாம் மாறியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார் என்ற செய்தி வந்தபோது லங்கரில் (எங்கள் சாப்பாட்டுக்கூடம்) யாரும் தட்டை எடுக்கவில்லை. எங்களிடம் இருந்தது எஸ்.எல்.ஆர் துப்பாக்கி, ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு. எதிரில் ஏகே 47. சுட்டவன் யார், சைக்கிளில் போகிறவன் யார் என்று தெரியாது. பேச மொழியும் கிடையாது. யாரைப் பார்த்தாலும் பயப்படுகிறவன் சீக்கிரமே யாரையும் அடிப்பான். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் சி.ஓ. (பட்டாலியன் தளபதி) ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். எந்தக் கம்பெனியில் ஆள் செத்ததோ அந்தக் கம்பெனி மறுநாள் அந்த ஊரைத் தேடப் போகக்கூடாது. வேறு கம்பெனிதான் போகும். பையன்கள் முணுமுணுத்தார்கள், அவர் விடவில்லை. அந்த உத்தரவு எத்தனை வீட்டைக் காப்பாற்றியது என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. எல்லா இடத்திலும் அப்படி ஒரு உத்தரவு இருந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் மற்றக் கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போகும். பையன்களுக்கு ஐந்து சொல் சொல்லிக் கொடுத்தேன்: அம்மா, தண்ணி, நில்லுங்க, பயப்படாதீங்க, போகலாம். “நில்லு” வேண்டாம், “நில்லுங்க” என்றே சொல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த “ங்க” வாயில் வராதவர்களை ரோல் காலில் நிறுத்திச் சொல்ல வைத்தார் எங்கள் சுபேதார்.

சுமார் 1,200 பேர் அங்கே செத்தார்கள். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னையில் வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி வரவில்லை. ஊருக்குப் போனால் டீக்கடையில் “நம்ம ஆளுங்களையே சுட்டுட்டு வந்தியா” என்றார்கள். என் அம்மாவும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் மெதுவாக. அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, அவர்கள் சாகும்வரைக்கும் சொல்லவில்லை.

ஒழுங்கைக்காரன் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதிய ஐந்தில் ஒன்று அந்தப் பெரியவருக்கும் தெரிந்திருந்தது. சோதனை முடிந்ததும் “போகலாம்” என்பார். “போ” என்பதை நீட்டி, “லாம்” என்பதை விழுங்கிவிடுவார். வேறு எந்தத் தமிழ்ச் சொல்லும் அவர் வாயில் நான் கேட்டதில்லை.

1988 கடைசியில் ஒரு காலையில் அங்கே மேசை இல்லை. புது ஆட்கள் நின்றார்கள். நான் பழக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, பையைத் திறந்து, புத்தகங்களைக் கொட்ட இடம் தேடிக்கொண்டு நின்றேன். ஒருவன் ஏதோ கத்தினான். விளங்கவில்லை. பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.